பழைய பாணி மடக்குக்கத்தி: எது நல்ல வேலைப்பாடு, எது இல்லன்னு ஒப்பிட்டுப் பாக்க முழு வழிகாட்டி

மடக்குக்கத்தி வாங்கக் கிளம்பறவங்க முதல்ல கேக்கறது என்ன ஸ்டீல், கைப்பிடி கொம்பா எலும்பா, எந்த நாட்டு கம்பெனி, இந்த மூணுதான். ஆனா மூணும் சரியா இருந்தும் கத்தி மோசமா இருக்கலாம், ஏன்னா இந்த ரகக் கத்தியோட உயிரே பிளேடோட அடிப்பகுதியும் முதுகு ஸ்பிரிங்கும் ஒண்ணை ஒண்ணு தொடுற அந்த ஒரு இடத்துலதான் இருக்கு. அங்க வேலை சுத்தமா இருந்தா 440ஏ மாதிரி சாதாரண ஸ்டீல்ல செஞ்ச சீனா கத்தி கூட வருஷக்கணக்கா உழைக்கும், அங்க அலட்சியம் பண்ணியிருந்தா எவ்வளவு காசு கொட்டி வாங்கினாலும் சீக்கிரமே ஆட்டம் குடுக்க ஆரம்பிச்சிடும்.

மும்பைல இதையெல்லாம் கையில எடுத்துப் பாத்து வாங்கற வாய்ப்பு கம்மி. விக்டோரினாக்ஸ் (ஸ்விஸ் ஆர்மி கத்தி செய்யற கம்பெனி) கடைல கிடைக்கும், மத்ததெல்லாம் ஆன்லைன், இல்லன்னா வெளிநாட்டுலேர்ந்து லீவுக்கு வர்ற தம்பியோட சூட்கேஸ், அதுவும் இல்லன்னா மட்டன் ஸ்ட்ரீட் சோர் பஜார்ல வெள்ளிக்கிழமை கடை விரிக்கிறவங்க. அதனால பார்சல் வந்த அன்னிக்கே, ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள, வீட்டு மேஜைல உக்காந்து பாக்கற மாதிரிதான் இதை எழுதறேன்.

எதுக்கு என்ன பேருன்னு முதல்ல

நான் சொல்றது ஸ்லிப்ஜாயின்ட் கத்தி, அதாவது லாக் கிடையாது, முதுகுல இருக்கற ஸ்பிரிங்கோட அழுத்தத்துலதான் பிளேடு தொறந்தும் நிக்கும், மூடியும் நிக்கும். பிளேடோட தடிச்ச அடிப்பகுதி டேங், அதை ஊடுருவிப் போற ஆணி பிவட் பின், டேங்ல கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கற மூக்கு கிக் (மூடும்போது பிளேடோட கூர் ஸ்பிரிங்ல போய் இடிக்காம தடுக்கறது இதுதான்), ரெண்டு பக்கமும் உள்ள இருக்கற பித்தளை இல்ல ஸ்டீல் தகடு லைனர், கைப்பிடி முனையில இருக்கற உலோகத் தொப்பி போல்ஸ்டர். போல்ஸ்டர் பெரும்பாலும் நிக்கல் சில்வர்ல இருக்கும், அதுல வெள்ளி துளிகூட கிடையாது, செம்பு நிக்கல் துத்தநாகம் கலந்த கலவைதான், விக்கறவர் வெள்ளின்னு சொன்னா நம்பாதீங்க.

தேவையான சாமான் ரொம்ப இல்ல. நல்ல வெளிச்சம், ஒரு ஏ4 தாள், டிஷ்யூ பேப்பர், கேமரா நல்லா ஜூம் ஆகற போன் (வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி ஒப்பிட வேணும்), தையல் மெஷின் எண்ணெய். நாக்தேவி ஸ்ட்ரீட் பக்கம் போனா ஃபீலர் கேஜ் ஒண்ணு வாங்கிக்கோங்க, மெக்கானிக்குங்க இடைவெளி அளக்கற அந்த மெல்லிசு தகட்டுக் கட்டு, இருந்தா நல்லது, இல்லன்னாலும் ஏ4 தாளே போதும், அது சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன்.

ஸ்டெப் 1: கழுவாம தீர்ப்பு சொல்லாதீங்க

புதுக்கத்தியை முதல் தடவை தொறக்கும்போது கரகரன்னு இருந்தா உடனே மட்டம்னு முடிவு பண்ணிடுவாங்க. அது பாதி நேரம் ஃபேக்டரில பாலிஷ் போட்ட பவுடர் ஜாயின்ட்ல மாட்டிக்கிட்டதாலதான். வெதுவெதுப்பான தண்ணில ஜாயின்ட்டை மட்டும் முக்கி நாலஞ்சு தடவை தொறந்து மூடுங்க, துடைச்சு நல்லா காய வச்சிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி தொறந்து மூடுங்க. கருப்பா ஒரு சேறு வெளியில வரும், துடைச்சு எடுங்க, அது வர்றது நிக்கற வரைக்கும் பண்ணுங்க. மரக்கைப்பிடியா இருந்தா தண்ணி வேண்டாம், எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் போடாதீங்க, நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். இதுக்கப்புறமும் கரகரப்பு இருந்தா அப்பதான் அது கத்தியோட குறை.

ஸ்டெப் 2: மூடின கத்தியை வெளிச்சத்துல பிடிங்க

கத்தியை மூடி, முதுகுப்பக்கத்தை ட்யூப்லைட்டுக்கோ ஜன்னலுக்கோ எதிரா பிடிச்சு, ஸ்பிரிங்குக்கும் லைனருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு எங்கயாவது தெரிஞ்சா பெரிசா கவலைப்பட வேண்டாம், நல்ல கத்திலயும் வரும், ஆனா ஏ4 தாளோட ஓரம் உள்ள போச்சுன்னா அது மோசமான ஃபிட். ரிவெட் அடிக்கும்போது சரியா இறுக்கல இல்லன்னா தகடு நேரா இல்லன்னு அர்த்தம், அந்த இடைவெளில தூசியும் ஈரமும் போய் உக்காரும், நம்ம ஊரு ஜூலை மாசத்துல அங்கேர்ந்துதான் துரு ஆரம்பிக்கும்.

அப்படியே திருப்பி பிளேடு உக்காந்திருக்கற பள்ளத்தைப் பாருங்க. ஒத்தை பிளேடு கத்தியா இருந்தா பிளேடு நடுவுல நிக்கணும், லைனரை உரசக்கூடாது. ரெண்டு மூணு பிளேடு இருந்தா இதே அளவுகோலை வைக்காதீங்க, ஒரே ஸ்பிரிங்கைப் பங்கு போட்டுக்கற பிளேடுங்க ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போறதுக்காக வேணும்னே லேசா வளைச்சு விட்டிருப்பாங்க, அது கோணல் இல்ல, வேலைப்பாடு. உரசி கோடு விழுதான்னு மட்டும் பாருங்க.

ஸ்டெப் 3: தொறக்கறது, மூடறது

இதுதான் முக்கியமான ஸ்டெப். நகம் வைக்கிற பள்ளத்துல நகத்தை வச்சு மெதுவா தூக்குங்க. ஆரம்பத்துல ஒரு எதிர்ப்பு இருக்கணும், நடுவுல சீரா வரணும், கடைசில ஸ்பிரிங்கே இழுத்துக்கிட்டுப் போய் டக்குன்னு நிறுத்தணும். மூடும்போதும் அதே டக். சேகரிக்கிறவங்க இந்த இழுவையை 1லேர்ந்து 10 வரைக்கும் மார்க் போட்டு சொல்வாங்க, 5, 6ங்கறது தினசரி கைக்கு வசதி, 8க்கு மேல போனா நகம் பேந்துடும். இறுக்கமா இருந்தா ஒசத்தின்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. இழுவை கடினமா இருந்தும் கடைசில டக்குன்னு உக்காராம மந்தமா நின்னா ஜாயின்ட்ல உரசல் அதிகம்னு அர்த்தம், லேசான இழுவையா இருந்தும் சுத்தமா உக்காந்தா அது நல்ல ஜாயின்ட்.

சில கத்தி பாதில, 90 டிகிரில ஒரு தடவை நிக்கும். டேங் சதுரமா இருந்தா நிக்கும், உருண்டையா இருந்தா நிக்காம வழுக்கிட்டுப் போகும். ரெண்டுமே சரிதான், இதை வச்சு தரத்தை எடை போடாதீங்க. ஆனா நிக்கற கத்தின்னா சரியா 90ல நிக்கணும், 80லயோ 100லயோ நொண்டிக்கிட்டு நின்னா டேங்கை தேய்ச்சதுல கவனம் இல்ல.

ஸ்டெப் 4: ஆட்டம்

கத்தியை முழுசா தொறந்து, இடது கையில கைப்பிடி, வலது கையில பிளேடோட முதுகு (கூர் பக்கம் விரல் போகாம), இடவலமா லேசா ஆட்டுங்க. மெல்லிசு பிளேடா இருந்தா பிளேடே கொஞ்சம் வளையும், அதை ஆட்டம்னு நினைச்சு ஏமாந்துடக்கூடாது. பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு, கைப்பிடி பிடிச்சிருக்கற கையோட கட்டைவிரல் நுனியை போல்ஸ்டரும் டேங்கும் சேர்ற கோட்டு மேல வச்சுக்கிட்டு ஆட்டுங்க, பிவட்ல ஆட்டம் இருந்தா விரல் நுனில டிக் டிக்னு தெரியும், பிளேடு வளையறதா இருந்தா அங்க ஒண்ணும் தெரியாது.

அடுத்தது மேலும் கீழும். பிளேடோட முதுகை விரலால லேசா மேல தூக்கி கீழ அழுத்துங்க. ஸ்பிரிங் நகர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிளேடு கொஞ்சம் நகருதுன்னா டேங்கோட முகமும் ஸ்பிரிங்கோட முகமும் முழுசா ஒட்டல. இடவல ஆட்டத்தை ஓரளவுக்கு சரி பண்ணலாம், பின்னை ரெண்டு பக்கமும் தட்டி இறுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க, ஆனா மேல கீழ ஆட்டம் டேங்கை தேய்ச்ச விதத்துலயே வந்த குறை, வீட்ல சரி பண்ண முடியாது. ரெண்டுல ஒண்ணு இருக்கற கத்தியைத்தான் வாங்கணும்னா இடவல ஆட்டம் இருக்கறதை எடுங்க.

ஸ்டெப் 5: முதுகுல நகம் ஓட்டுங்க

மூடி வச்சு முதுகுல குறுக்கா நகத்தை ஓட்டுங்க, ஸ்பிரிங் லைனருக்கு சமமா இருந்தா நகம் எங்கயும் தட்டாது. முழுசா தொறந்து அதே இடத்துல மறுபடி ஓட்டுங்க. பாதில நிக்கற கத்தின்னா அங்கயும் ஒரு தடவை. மூணு நிலையிலயும் சமமா இருந்தா அதைச் செஞ்சவர் டேங்கை ஒவ்வொரு முகமா அளந்து தேய்ச்சிருக்கார்னு அர்த்தம், இதை மெஷின் மட்டும் குடுத்துடாது, கை வேணும். தொறந்தப்ப சமம், மூடினப்ப லேசா மேல நிக்கறதுங்கறது நிறைய நல்ல கத்திலயும் உண்டு, அதுக்கு ரெண்டு மார்க் குறைங்க அவ்வளவுதான். தொறந்து வச்சப்ப ஸ்பிரிங் உள்ள அமுங்கிப் போயிருந்தா அதுதான் கவலை.

மாதுங்கால எங்க பக்கத்து வீட்டு மாமாகிட்ட அவர் அப்பா வச்சிருந்த இங்கிலாந்து ஷெஃபீல்டு பேனாக்கத்தி ஒண்ணு இருக்கு, ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியோடது, டேங்ல நட்சத்திரமும் சிலுவையும் முத்திரை. பெரிய பிளேடு சாணை பிடிச்சு பிடிச்சு பாதி அகலத்துக்கு வந்துடுச்சு. "இந்தா, தொறந்து பாரு, நகத்த உள்ள வச்சு மெதுவா தூக்கு, அவசரப்படாத"ன்னு குடுத்தார். நான் முதுகுல நகம் ஓட்டினேன், தொறந்தும் மூடியும் எங்கயும் தட்டல. டேங் மேல ஸ்பிரிங் நகர்ற பாதை கண்ணாடி மாதிரி வழவழன்னு பளபளக்குது, பிளேடு தேஞ்சிருக்கு, ஜாயின்ட் தேயல. நான் புதுக்கத்தி எது எடுத்தாலும் அந்த முதுகைத்தான் மனசுல வச்சுப் பாக்கறேன்.

ஸ்டெப் 6: கூர் ஸ்பிரிங்ல இடிக்குதா

மெல்லிசு டிஷ்யூ துண்டு ஒண்ணை பிளேடு உக்கார்ற பள்ளத்துல, ஸ்பிரிங்கோட உள்பக்கம் படற மாதிரி வச்சு, விரலெல்லாம் பள்ளத்தை விட்டு வெளில இருக்கான்னு பாத்துட்டு, கத்தியை வழக்கமா மூடற வேகத்துல டக்குன்னு மூடுங்க. தொறந்து எடுத்தா டிஷ்யூ வெட்டுப்பட்டிருந்தா கூர் போய் ஸ்பிரிங்ல இடிக்குது, கூர்ல சீக்கிரமே ஒரு மொட்டைப்பள்ளம் விழும். லாகியோல்னு ஒரு பிரெஞ்சு பாணி மடக்குக்கத்தி இருக்கு, அதுக்கு மட்டும் இந்த சோதனை செல்லாது, அதை பாரம்பரியமாவே டக்குன்னு மூட மாட்டாங்க, பிளேடைக் கையாலயே கொண்டு போய் மெதுவா உக்கார வைப்பாங்க.

ஸ்டெப் 7: கைப்பிடி

கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டுங்க. போல்ஸ்டர்லேர்ந்து எலும்புக்கோ மரத்துக்கோ போற இடத்துல படி தட்டக்கூடாது. எலும்பு, கொம்பு ரெண்டும் காத்துல இருக்கற ஈரத்தைப் பொறுத்து சுருங்கும் விரியும், அதனால நூல் அளவு இடைவெளி தானா வரும், அதை ஒதுக்கிடலாம். பின் இருக்கற இடத்துலேர்ந்து கிளம்பற மயிரிழை விரிசலைத்தான் தேடணும், போன் கேமராவை ஜூம் பண்ணி ஒவ்வொரு பின்னையும் பாருங்க, அந்த விரிசல் வளரும், நிக்காது. போல்ஸ்டர் வழியாப் போற பிவட் பின் நல்லா அடிச்சு பாலிஷ் போட்டிருந்தா கண்ணுக்கே தெரியாம கரைஞ்சு போயிருக்கும், கருப்பா ஒரு வட்டம் தெரிஞ்சா அடி பத்தலன்னு சந்தேகப்படலாம். விக்டோரினாக்ஸோட அலாக்ஸ்ங்கற அலுமினியக் கைப்பிடி ரகம் மாதிரி ரிவெட் வெளில தெரியணும்னே செஞ்ச கத்திக்கு இது பொருந்தாது.

ஸ்டெப் 8: பிளேடும் ஸ்டீலும்

பிளேடை முனைப்பக்கத்துலேர்ந்து நேரா கண்ணுக்கு முன்னாடி பிடிச்சுப் பாருங்க, நேரா இருக்கா, ரெண்டு பக்கமும் சரிவு ஒரே அளவுல இருக்கா, கூர் டேங் வரைக்கும் ஒழுங்கா வந்திருக்கா. ஃபேக்டரி கூர் மட்டமா இருந்தா பரவால்ல, கல்லுல ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடலாம், சரிவே கோணலா இருந்தா முடியாது.

ஸ்டீலைக் கடைசியா வச்சதுக்குக் காரணம் அதோட பேரை விட சூடு பண்ணி ஆற வச்ச பக்குவம் முக்கியம். விக்டோரினாக்ஸ் ஸ்டீலோட கடினத்தை சுமார் ராக்வெல் 56ல (ராக்வெல்ங்கறது கடினத்தை அளக்கற அளவு) வச்சிருக்காங்க, பெரிய பேர் இல்லாத ஸ்டீல்தான், ஆனா எந்த கத்தி எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், சாதாரணக் கல்லுலயே கூர் ஏறும். அமெரிக்காவோட கேஸ் கம்பெனில பெரும்பாலும் ரெண்டு வகை, துரு பிடிக்காத ட்ரூ-ஷார்ப், இன்னொண்ணு சி.வி.ன்னு சொல்ற குரோம் வனேடியம் கார்பன் ஸ்டீல். பென்சில்வேனியால டைட்டஸ்வில்ல 2006ல ஆரம்பிச்ச கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி பெரும்பாலும் 1095 கார்பன் ஸ்டீல்தான் போடறாங்க. கார்பன் ஸ்டீல் மும்பைல வச்சுக்கக் கூடாதுன்னு இல்ல, மே மாசம் ஹாபுஸ் மாம்பழம் நாலு வெட்டினாலே பிளேடு சாம்பல் நீலமா மாறும், அந்தப் படலம் ஓரளவு துருவைத் தடுக்கும், ஆனா வெட்டி முடிச்ச கையோட துடைக்கற பழக்கம் இல்லாதவங்க ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கிக்கோங்க.

எல்லாத்துக்கும் ஒரே தராசு கிடையாது

ஓபினெல்ல முதுகு ஸ்பிரிங்கே கிடையாது. பிரான்ஸ்ல சவாய் பகுதில 1890ல ஜோசப் ஓபினெல் ஆரம்பிச்சது, ஸ்பிரிங்குக்கு பதிலா மரத்தோட பிடிமானமும் 1955ல வந்த விரோப்ளாக்ங்கற பூட்டு வளையமும்தான். அதனால ஸ்பிரிங்கை வச்சுப் பாக்கற ஸ்டெப் எதுவும் அதுக்குக் கிடையாது. வளையம் சீரா சுத்துதா, பூட்டினப்புறம் ஆட்டம் இருக்கா, மரத்துல பிளேடு போற வெட்டு நேரா இருக்கா, இதைப் பாருங்க. மழைக்காலத்துல மரம் ஈரத்தை இழுத்து உப்பி பிளேடு வெளில வராம முரண்டு பண்ணும், இது அந்த டிசைனோட குணம், குறைன்னு நினைச்சு திருப்பி அனுப்பாதீங்க. வளையத்தைத் திறந்து வச்சுக்கிட்டு கைப்பிடியோட பின்முனையை மேஜை விளிம்புல ஒரு தட்டு தட்டினா பிளேடு தலை காட்டும், பிரான்ஸ்லயே அப்படித்தான் தொறக்கறாங்க.

ஜப்பான்ல மிகி ஊர்ல செய்யற ஹிகோநோகாமிக்கு ஸ்பிரிங்கும் இல்ல பூட்டும் இல்ல, மடிச்ச தகட்டுக் கைப்பிடியும் ஒரே ஒரு ரிவெட்டும், பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற வாலை கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சாத்தான் பிளேடு நிக்கும். அதுல பாக்க வேண்டியது ரிவெட்டோட இறுக்கம், பிளேடோட சரிவு, ரெண்டுதான். பிரான்ஸ்ல தியேர் ஊர்லேர்ந்து 1929லேர்ந்து வர்ற டூக்-டூக்ல கைப்பிடி வெறும் மடிச்ச இரும்புத் தகடு, பாக்க முரட்டுத்தனமாத்தான் இருக்கும், ஆனா ஸ்பிரிங் பயங்கர பலம், அதை ஃபினிஷிங் பாத்து மார்க் குறைச்சா நியாயம் இல்ல.

லாகியோல்ங்கறது ஒரு கம்பெனி பேர் இல்ல, கத்தியோட வடிவம், யார் வேணா அந்தப் பேர் போட்டு விக்கறாங்க. ஸ்பிரிங் மேல தேனீ இருக்கறதால மட்டும் நல்ல கத்தி ஆயிடாது. தேனீயும் ஸ்பிரிங்கும் ஒரே இரும்புல அடிச்சதா, தனியா ஒட்ட வச்சதான்னு ஜூம் பண்ணிப் பாருங்க, ஓரத்துல ஒட்டின கோடு தெரியும். ஒட்டினதுலயும் நல்ல கத்தி உண்டு, ஆனா விலை அதுக்கேத்த மாதிரி இருக்கணும்.

ஒரே ரகத்துக்குள்ளயும் மூணு பிளேடு ஸ்டாக்மேனையும் ஒத்தை பிளேடு சாட்பஸ்டரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க. பிளேடும் ஸ்பிரிங்கும் கூடக் கூட தப்பு நடக்கற இடமும் கூடுது, மூணு பிளேடும் சுத்தமா ஓடற ஸ்டாக்மேனைச் செஞ்சவர் ரொம்பப் பெரிய வேலைக்காரர். நான் மார்க் போடற கணக்கு இது: ஸ்பிரிங், ஜாயின்ட்டுக்கு 50, பிளேடோட சரிவுக்கு 20, கைப்பிடி ஃபிட்டுக்கு 20, ஸ்டீலுக்கு 10. நீங்க மாத்திக்கலாம், முதல் 50ஐ மட்டும் குறைக்காதீங்க.

சோர் பஜார்ல பழசு வாங்கினா

பிளேடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க, பிளேடு ஒல்லியாகி, மூடினப்ப முனை பள்ளத்துக்கு வெளில துருத்திக்கிட்டு இருந்தா நிறைய சாணை பிடிச்சாச்சு. பின்கள் வேற வேற நிறத்துல இருந்தா பிரிச்சு மாட்டினது. ஸ்பிரிங்கோட உள்பக்கம் குழி விழுந்த துரு இருந்தா விட்டுடுங்க, மேல இருக்கற பழுப்பு மட்டும்னா பயமில்ல. செல்லுலாய்டு கைப்பிடில கற்பூரமும் புளிப்பும் கலந்த மாதிரி வாசனை வந்தா அது சிதைய ஆரம்பிச்சிருக்கு, அதுலேர்ந்து வர்ற ஆவி பக்கத்துல இருக்கற மத்த கத்தியையும் அரிக்கும், வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. கேஸ் கத்தியா இருந்தா டேங்ல நம்பர் இருக்கும், 6254ன்னா 6 எலும்புக் கைப்பிடி, 2 ரெண்டு பிளேடு, 54 டிராப்பர் வடிவம், பிளேடுல ஒண்ணுதான் மிச்சம் இருந்தா கதை வேற. 1970லேர்ந்து வருஷத்தை முத்திரைக்குப் பக்கத்துல புள்ளியா வச்சாங்க.

வாங்கினப்புறம் தெருவுல சைக்கிள் சக்கரம் வச்சு சாணை பிடிக்க வர்ற தார்வாலாகிட்ட மட்டும் குடுக்காதீங்க. அடுக்களைக் கத்திக்கு அவர் போதும், இந்த மெல்லிசு பிளேடு காஞ்ச கல்லுல சூடாகி நீலமா மாறிச்சுன்னா அந்த இடத்துல இருக்கற பதம் போச்சு.

பையில வச்சுக்கறதுக்கு முன்னாடி

ஆயுத விதிகள் 2016 படி 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற பிளேடுக்குத்தான் லைசென்ஸ் பேச்சு, வீட்டு வேலை விவசாயத்துக்குன்னே செஞ்சதுக்கு அதுலயும் விலக்கு உண்டு, நம்ம பேனாக்கத்தி அந்த அளவை நெருங்காது. ஆனா மும்பைல போலீஸ் மகாராஷ்டிரா போலீஸ் சட்டம் 37வது பிரிவுல அவ்வப்போது தடை உத்தரவு போடுவாங்க, அதுல கத்தி எடுத்துட்டுப் போறதும் வரும், தேர்தல், பண்டிகை சமயத்துல வீட்லயே விட்டுட்டுப் போங்க. ஏர்போர்ட்ல கைப்பைல கூடாது, செக்-இன் பெட்டிலதான்.

மழை முடிஞ்சு ஒரு தடவை

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தோல் உறைல போட்டு பீரோல வைக்காதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வச்சு பித்தளை லைனர்ல பச்சை களிம்பு ஏத்தும். துணில சுத்தி, சிலிகா ஜெல் பாக்கெட் போட்ட டப்பால வைங்க. அக்டோபர்ல எடுத்து கழுவி எண்ணெய் விட்டு ஸ்டெப் 2, 4, 5 மூணையும் மறுபடி பண்ணுங்க, வாங்கின அன்னிக்கு போன்ல எடுத்த போட்டோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. அன்னிக்கு உள்ள போகாத ஏ4 தாள் இன்னிக்கு போச்சுன்னா, இல்ல கட்டைவிரல் நுனில புதுசா டிக் டிக் தெரிஞ்சா, ரிவெட் தளருது. விக்டோரினாக்ஸ், கேஸ் ரெண்டு பேருமே தயாரிப்புக் குறைக்கு ஆயுள் வாரன்ட்டி குடுக்கறாங்க, நீங்களே சுத்தியல் எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பழைய போட்டோவையும் இப்ப எடுத்த போட்டோவையும் சேத்து அவங்களுக்கு மெயில் போடுங்க, ஒரு தடவை தட்டிட்டீங்கன்னா அந்த வாரன்ட்டி போயிடும்.